ஐந்துக்கு ஒரு குச்சி

ஆடாத ஊர்க்காரி நான்.
உருகுவேயில், பைசாந்தூவில்,
அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஆணியடிக்கும் வழக்கமில்லை.
இங்கே, சிலியின் தென்கரையில்,
வீட்டுக்காரி முதல் நாள் கையில் கொடுத்தவை
ஒரு சாவி, ஒரு டார்ச், ஒரு விசில்.
விசில் எதற்கென்று கேட்கவில்லை.
புவியியல் நடத்த வந்தவள்
எந்த முகத்தோடு கேட்பது?

கரும்பலகையில் இரண்டு தட்டுகள் வரைந்தேன்.
கடலுக்கடியில் கிடப்பது கிழக்கே வருகிறது,
நம் காலுக்கடியில் நுழைகிறது,
ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர்,
நகம் வளர்வதைவிடக் கொஞ்சம் அவசரமாக.
எலிசெயோ தன் நகத்தைப் பார்த்தான்.
மற்ற பதினெட்டுப் பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
மீனுக்கு ஈரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்பகெட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
ஒரு குச்சியை வளைத்தேன். டிக்.
இது ஐந்து என்று வைத்துக்கொள்வோம்.
ஆறுக்கு எத்தனை? இரண்டா, பத்தா?
முப்பத்திரண்டு.
ரோசென்தா எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு,
பல்லைக் கடித்து முறித்தாள்.
ஏழுக்கு ஆயிரத்துச் சொச்சம்.
இரண்டு பொட்டலத்தையும் ஒன்றாகக் கட்டி
நான்கு பேர் மல்லுக்கட்டினார்கள்.
வளைந்தது.
வளைந்துகொண்டே இருந்தது.
தெறித்ததில் ஒரு துண்டு
கூரை விளக்கில் போய்ச் செருகிக்கொண்டது.

“அப்போ அறுபதில் வந்ததற்கு?”
அறுபது லட்சம் குச்சி, என்றேன்.
அதுவரை சிரித்த வகுப்பு அடங்கியது.

ஒதிலியா மட்டும் மெல்லச் சொன்னாள்:
“எங்கள் மேய்ச்சல் நிலம் ஆற்றுக்குள் இருக்கிறது.
அன்றைக்கு இறங்கியது, ஏறவே இல்லை.
கறுத்த கழுத்து அன்னங்கள் நீந்துகின்றன.
பத்திரம் இன்னும் எங்கள் பெயரில்தான்.”
“அன்னத்திடம் வாடகை கேள்” என்றான் யாரோ.
“கேட்டோம். கடிக்க வருகிறது.”

பூமி போலப் பொறுமை என்பவர்கள்
இந்தக் கரையில் ஒரு வருடம் குடியிருக்கட்டும்.
பொறுமை இங்கே
வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடன்.

இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
சாக்பீஸ் டப்பா முந்திக்கொண்டது.
கீழிருந்து ஒரு குத்து,
மேசைக்கடியில் யாரோ முழங்காலால் இடித்தாற்போல.
நான் கதவைப் பார்த்தேன்.
கால் பார்க்கவில்லை.
எங்கிருந்தோ எலிசெயோவின் குரல்:
ஒன்று, இரண்டு, மூன்று…
ஒன்பதில் வந்தது அடுத்தது, பக்கவாட்டில்.
வகுப்பறை துறைமுகத்துப் படகாயிற்று.
பத்தொன்பது பேரும் மேசைக்கடியில்.
எப்போது போனார்கள்?
ஒரு கை என் பாவாடையைப் பிடித்து
உள்ளே இழுத்தது.

“எட்டால் பெருக்குங்கள், டீச்சர்.
எழுபத்திரண்டு கிலோமீட்டர்.”
அது அடுத்த வாரப் பாடம்.
இரண்டு வண்ணத்தில்
குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

நின்றது.
“நிற்க முடிந்ததா?” என்று கேட்டார்கள் என்னை.
முடிந்தது என்றேன், பாதிப் பொய்.
“அப்படியானால் மலைக்கு ஓட வேண்டாம்.”
“எவ்வளவு இருக்கும்?”
“ஒரு குச்சி” என்றான் எலிசெயோ. டிக்.

கதவில் சமையற்காரி ஹெர்மீனியா,
தலையில் வலை, கையில் கரண்டி.
நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
“என் ஸ்பகெட்டியை எடுத்தது யார்?”
மேசைமேல் மிஞ்சிய துண்டுகளை அள்ளிக் கொடுத்தோம்.
மதியம் சூப்பில்
ஆறுகளும் ஏழுகளும் விரல் நீளத்தில் மிதந்தன.
இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

விளக்கில் செருகியது இன்னும் அங்கேதான்.
வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் அதைப் பார்க்கிறேன்,
அப்புறம்தான் வருகைப் பதிவு.

விசிலைப் பற்றி ரோசென்தாவிடம் கேட்டேன்,
தெரிந்தும் தெரியாதவள்போல.
பென்சில் சீவிக்கொண்டே சொன்னாள்:
“உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினால்
தொண்டை கட்டிவிடும், டீச்சர்.
விசில் கட்டாது.”