எண்களுக்குக் கட்டணம் இல்லை

பக்கத்துக்கு முந்நூற்றைம்பது.
பிறப்புச் சான்று, திருமணப் பதிவு,
பென்சன் வாரிசுக் கடிதம்
எதுவானாலும் அதே கணக்கு.
பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு என்றால் ஐம்பது குறைப்பேன்.
யாரும் அப்படிக் கேட்டு வந்ததில்லை,
அமலோற்பவம் வரும்வரை.

ரெக்சின் பையிலிருந்து
முதுகு கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள்.
"மாமாவோடது. மத்துரேன் சொல்தான்னா தெரியும்.
உள்ள பூரா நம்பரா இருக்கு.
பாங்க் கணக்குங்கிறாங்க வீட்ல.
முப்பதாம் நாள் பூசைக்குள்ள தெரிஞ்சாகணும்,
மூணு கொழுந்தனும் மூணு விதமா பாக்குறாங்க என்னை."

நீல மை. சற்றும் சாயாமல் நிற்கும் எழுத்து.
கோர்சிகாத் தீவு, அறுபத்தெட்டு, மார்ச், ஞாயிறு.
வட முனைக்கு எதிரே பாறைத்திட்டு.
படி நூற்றிரண்டு.
ஐந்து நொடிக்கு ஒரு மின்னல்.
காவலர் முதலில் ஏறவிடவில்லை,
பிறகு ஆட்டுப்பால் கட்டி தின்னக் கொடுத்தார்.

"எந்த பாங்க்?" என்றாள்.
"விளக்கு" என்றேன்.
"கலங்கரை விளக்கம்."
அவள் பையின் ஜிப்பை மூடித் திறந்தாள்.

மேற்கே சிவந்த பாறைமேல் சதுரக் கோபுரம்.
இரண்டு மின்னல், அப்புறம் நீண்ட இருட்டு.
பேருந்து இல்லாததால் பதினான்கு கிலோமீட்டர் நடை,
சட்டையில் புதர்வாசம் புதன்கிழமை வரை.
தெற்கே சுண்ணாம்புச் செங்குத்து,
எதிரே இத்தாலிக்காரர் தீவு.
காற்று என் தொப்பியை அங்கே கொண்டுபோயிற்று.
இன்னொரு பக்கத்தில் இவ்வளவுதான்:
மழை. எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஊர் ஞாபகம், மனைவி, மீன்குழம்பு, எதுவும்.
ஒன்பதாம் பக்க ஓரத்தில் மட்டும்,
"எல்லாம் பிரெஞ்சில் ஓடுகிறது எனக்குள்.
மின்னலை எண்ணும்போது தமிழ்."
அதையும் பிரெஞ்சில்தான் எழுதியிருந்தார்.

வாசித்துச் சொன்னேன்.
அமலோற்பவம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சாயங்காலம் மொட்டைமாடியில ஒக்காந்து
நாற்காலிக் கைப்பிடிய விரலால தட்டுவாரு.
தட்டுவாரு, நிறுத்துவாரு, தட்டுவாரு.
நரம்புத் தளர்ச்சின்னு
நாலு வருசம் மாத்திரை குடுத்தோம்."

மாடியிலிருந்து எது தெரியும் என்று கேட்டேன்.
தண்ணித் தொட்டி, சர்ச் கோபுரம்,
வம்பாகீரப்பாளையம் பக்கம் புது லைட்ஹவுஸ்.
சொல்லிவிட்டு
குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

அன்றிரவு கடற்கரைச் சாலையில்
வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள்.
பழைய விளக்கு வெள்ளையடித்து நிற்கிறது,
கண் இல்லாமல்.
அதன் அடியில் யாரோ
பலூனுக்குப் பேரம் பேசுகிறார்கள்.
தெற்கிலிருந்து மற்றதன் வெளிச்சம்
தலைக்குமேல் போய்த் திரும்புகிறது.
எண்ணிப் பார்த்தேன்.
ஏழில் சுண்டல்காரர் கூப்பிட்டார், விட்டுவிட்டேன்.
எந்த மொழியில் எண்ணினேன் என்று
கவனிக்கவில்லை.

மொத்தம் பதினொரு பக்கம்.
எண்களைக் கழித்துவிட்டால் சொற்கள்
இரண்டு பக்கம்கூடத் தேறாது,
அதற்கே பில் போட்டேன்.
கொழுந்தன்மாருக்குக் காட்ட முத்திரை வேண்டும் என்றாள்.
'இவை வங்கிக் கணக்கு எண்கள் அல்ல'
என்று அடியில் எழுதிக் குத்திக் கொடுத்தேன்.
இருபத்தாறு வருடத் தொழிலில்
இப்படி ஒன்றுக்குச் சான்று கொடுத்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.
புதுச்சேரி, பழைய விளக்கு.
எண்பத்துநான்கு, பூட்டியிருக்கிறது.
தொண்ணூற்றொன்று, பூட்டியிருக்கிறது.
இரண்டாயிரத்து ஆறு, சாவி யாரிடம் என்று
வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.
படி என்று எழுதி, எதிரே ஒன்றுமில்லை.

"இந்த எடத்துல
நீங்களே ஏதாவது ஒரு நம்பர் போட்டுடுங்களேன்.
பாவம்."

சேர்க்கக் கூடாது என்றேன், சட்டப்படி.
அவர் விட்ட அளவுக்கே
இடம் விட்டிருந்தேன் தமிழிலும்,
ஸ்கேல் வைத்து.

நூறு ரூபாய் குறைந்தது.
செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்று போனாள்.