முன்பல் இல்லாதவர்கள்

ஆவுடைச்செல்விக்கு மேல்வரிசையில் ரெண்டு பல் கிடையாது.
ஒன்று முறுக்கில் போனது.
இன்னொன்று, காரையாறு பஸ் வேகத்தடையில் குதித்தபோது
முன்சீட்டுக் கம்பியில்.
'எங்க, சீவலப்பேரி சொல்லு' என்பான் இசக்கிதுரை.
ஊர் வருவதற்கு முன்னால் சீட்டி வந்துவிடும்.
ரெண்டாம் வகுப்பு மொத்தமும் சிரிப்போம்,
மொத்தம் என்றால் பதினோரு பேர்.

பொங்கல் லீவு முடிந்து கேட்டைத் திறந்தால்
வேப்பமரத்தடிப் புற்று பிளந்து கிடக்கிறது,
உள்ளே ஈரமாக, சிவப்பாக.

மிளா வந்திருக்கும் என்றாள் நஸ்ரின்.
மிளாவுக்கு எதுக்குட்டி புத்து?
பன்னி, பன்னி.
பன்னின்னா சத்துணவு வாழையை விட்டுட்டுப் போவுமா?
அலுங்கா இருக்கும், எங்க அப்பா பாத்திருக்கு,
தொட்டா பந்து மாதிரி சுருண்டுக்கிடும்.
உங்க அப்பா எல்லாத்தையுந்தான் பாத்திருக்கு.
டைனோசர் என்றான் ஜெபஸ்டின்.
பென்சில் காணாமல் போனாலும் அவனுக்கு டைனோசர்தான்.

கக்கூஸ் பக்கம் போன பால்துரை
டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்:
'ஏல, பீ கெடக்கு! எலந்தக்கொட்டையோட!'

மூக்கைப் பொத்திக்கொண்டு
சுற்றிக் குனிந்து பார்த்தோம்.
கொட்டை எல்லாம் முழுசு முழுசாக.
மெல்லவே இல்லை.
மெல்லாம முழுங்குனா
அதுக்க அம்ம வையாதா?

பக்கத்தில் ஒரு கால்தடம், மனுசக் கால் போலவே,
நகம் மட்டும் தள்ளித் தள்ளிக் குத்தியிருந்தது.
ஆவுடை செருப்பைக் கழற்றி
அதற்குள் தன் காலை வைத்தாள்.
மீதி இடம் நிறைய இருந்தது.

வாட்சர் வந்தார், டேப்பை வைத்து அளந்தார்,
போட்டோ எடுத்தார்.
எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை,
பெரிய டீச்சரிடம்தான் சொன்னார்:
'கரடிதான் டீச்சர். புத்தை ஒடைச்சு ஊதும், மண்ணு பறந்துரும்.
உறிஞ்சும், கறையான் வந்துரும்.
மேல முன்பல்லு ரெண்டு கெடையாதுல்லா,
அந்தச் சந்து வழியாத்தான் இழுக்கும்.'

பத்துத் தலை திரும்பியது.
யாரும் சிரிக்கவில்லை.
ஆவுடை வாயை மூடிக்கொண்டாள்,
பிறகு மெல்லத் திறந்தாள்.

மத்தியானம், நஸ்ரின் கொண்டுவந்த பொரியில்
ஒரு கை வாங்கி, உதட்டைக் குவித்து
ஃபூ.
தவிடு பறந்தது.
உர்ர்ர்ப்.
பொரி போயிற்று, கை வெறுங்கை.
புரையேறிக் கண்ணில் தண்ணி வந்தும்
இன்னொரு கை வாங்கினாள்.

நாங்களும் செய்தோம்.
பல் இருக்கிறவர்களுக்கு வரவில்லை.
ஜெபஸ்டினுக்குப் பொரி மூக்கில் போனது.
'எனக்கு இது ஆடுது பாரு' என்று
இசக்கிதுரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினான்.
ஆடவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி ஊருக்குள் வேட்டுப் போட்டார்கள்.
வேட்டு ஓய்ந்து, நாய்கள் ஓய்ந்து,
எல்லாரும் தூங்கின பிறகு
கிணற்றுமேட்டுப் பக்கம் கேட்டதாம்,
லாரி டயரில் காற்று இறங்குவது போல,
நின்று, மறுபடியும்.
'அம்மாவ எழுப்பலையா?'
'இல்ல.'
'பொறவு?'
'நானும் ஊதுனேன். மெதுவாத்தான்.'

மாசி மாதம், பஸ் கண்ணாடியில்
அவள் ஈறில் வெள்ளையாக ஒரு பொட்டு,
குருணை அரிசி அளவு.
நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.
ரெண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
மூணாம் நாள் வாட்சர் பைக்கை மறித்து
'கரடிக்கு எப்ப மொளைக்கும்?' என்றாள்.
'அதுக்கு மொளைக்காது பாப்பா' என்றவர்
எதற்கு அவள் முகம் அப்படி ஆனது என்று தெரியாமல்
ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

அதே வாரம் இசக்கிதுரைக்கு நிஜமாகவே பல் விழுந்தது.
பாட்டில் மூடிக்குள் அதைப் போட்டு எடுத்து வந்தான்.
மற்ற கை நிறையப் பொரி.
ஆவுடை பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று
கேட்கும்போதே சீட்டி அடித்தது:

'சொல்லுட்டி, மொதல்ல ஊதணுமா, உறிஞ்சணுமா?'