கைதட்ட நானூற்றைம்பது

வெள்ளைச் சட்டை கூடாது, கட்டம் போட்டதும் கூடாது.
காலை ஏழுக்கு வளசரவாக்கம் பஸ் நிறுத்தத்தில்
காஜா தலை எண்ணி வேனில் ஏற்றுவார்.
அறுபது தலை, அறுபது எலுமிச்சை சாதம்.
தலைக்கு நானூற்றைம்பது, சாயங்காலம் கையில்.

அம்பத்தூர் எஸ்டேட்டில்
பழைய பம்புசெட் கம்பெனிதான் ஸ்டுடியோ.
முதலில் எங்களைத்தான் எடுப்பார்கள்.
மேடையில் ஆளே இருக்காது.
"அதிர்ச்சி" என்பான் தலையில் மைக் மாட்டிய பையன்.
காலி நாற்காலியைப் பார்த்து
அறுபது பேரும் வாய் பிளப்போம்.
"இப்ப கண் கலங்கணும்."
எனக்குச் சுலபம். ஏசி குளிருக்கு
தானாகவே நீர் வரும்.

பதினோரு வருஷம். நாலாவது வரிசை, ஓரம்.
யார் யாரோ வந்து போனார்கள்.
குறளைக் கடைசிச் சீரிலிருந்து தலைகீழாகச் சொன்ன
பட்டாபிராம் ரயில் டிரைவர்.
இருபத்தைந்து லட்சத்துக்கு ஒரே கேள்வி மிச்சமிருக்க
"கடைசி பஸ் போயிடும்" என்று எழுந்துபோன
செய்யூர்க் கணக்கு டீச்சர்.
எல்லோருக்கும் நன்றாகவே தட்டியிருக்கிறேன்.
பையன் கை உயர்ந்தால் தட்டு, இறங்கினால் நிறுத்து.

அமுதவேணி எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து வந்தாள்.
அங்கன்வாடியில் ஆயா. கத்தரிப்பூ நிறப் புடவை,
இரவல் வளையல். சத்தம் மைக்கில் விழுகிறதென்று
கழற்றச் சொன்னார்கள்; இடுப்பில் முடிந்துகொண்டாள்.
ஒன்பது கேள்வி, வெங்காயம் உரிக்கிற மாதிரி.
பத்தாவது, மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு:
சென்னையில் ஓடும் ஆறுகள் எத்தனை?

"மூணு."
"உறுதியா?" என்றார் அவர், வழக்கமான இழுப்போடு.
"எண்ணித்தான் சார் சொல்றேன்."
இசை ஏறியது. நின்றது.
இரண்டு என்ற கட்டம் பச்சையானது.

நாங்கள் "ஐயோ" சொல்ல வேண்டிய இடம். சொன்னோம்.
அவள் சொல்லவில்லை.
"அடையாறு ஒண்ணு. கூவம் ரெண்டு.
கொசஸ்தலை எங்க வூட்டுப் பின்னால ஓடுது சார்.
நேத்து சாயந்தரம்கூட எறங்கி எறா தடவுனேன்.
சாம்பத் தண்ணி, கால் அரிக்கும். ஆனா ஆறுதான்."
கணுக்காலைக் காட்டப் புடவையைக் கொஞ்சம் தூக்கினாள்.
செருப்பு வாருக்கு மேலே
வெளிறிய கோடு ஒன்று இருந்தது.
காமிராவை அதற்குள் அணைத்துவிட்டார்கள்.

பிறகு நாற்பது நிமிஷம்.
நாலு பேர், ஒரே செல்போன்.
பொது அறிவுப் புத்தகத்தில் இரண்டுதான் என்றான் ஒருவன்.
எண்ணூரெல்லாம் சென்னையா என்றான் இன்னொருவன்.
"வீட்டு வரி கட்டறமே" என்றாள் மேடையிலிருந்து.
கடைசியில் வேறு கேள்வி தருவதாகச் சொன்னார்கள்,
சுலபமானது.
"வேணாம் சார். இதுக்கே நான் சரியாச் சொல்லிட்டேன்."

அப்போதுதான் என் கை தட்டியது.
ஒரே ஒரு தடவை.
யாரும் கை உயர்த்தவில்லை.
ஐம்பத்தொன்பது தலை திரும்பியது.
காஜா அன்று ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்.

வேன் திரும்பும்போது, மதுரவாயலுக்கு முன்னால்,
பாலத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம்.
"ரெண்டு" என்றாள் பின்சீட்டில் யாரோ.

ஆறு வாரம் கழித்து ஞாயிறு இரவு ஒளிபரப்பு.
ஒன்பதாவது கேள்வி முடிந்ததும் அமுதவேணி
கும்பிடுகிறாள். "போதுமென்ற மனசு!" என்கிறார் அவர்.
ஒரு லட்சத்து அறுபதாயிரம், கீழே ஓடுகிறது.
விளம்பரம். புளியோதரைப் பொடி, பிளைவுட்.
பிறகு ஒரு கோயம்புத்தூர்ப் பையன்
ஏதோ நாட்டின் நாணயத்தைச் சொல்கிறான்.
அதற்குப் போய் நான் வாய் பிளக்கிறேன், திரை முழுக்க.
என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

ஆனால் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.
அவன் சொல்லி முடிப்பதற்குள்,
எல்லோரும் தட்டுவதற்கு ஒரு நொடி முன்னால்,
தனியாக ஒரு தட்டு விழுகிறது.
காமிராவை அணைத்தவர்கள்
மைக்கை மறந்திருப்பார்கள்.

அது அந்தப் பையனுக்கு இல்லை.