நான்கு விரற்கடை

முங்கேரில் கங்கை வடக்கே திரும்பும் வளைவில்
பழைய கோட்டைக்குள் துப்பாக்கி செய்கிறார்கள்.
கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டில்
மூச்சு சொல்லித்தருகிறார்கள்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சமோசாக் கடை.

இஸ்ராஃபிலுக்கு முதல் இடத்தில் வேலை,
ஜைபுனுக்கு இரண்டாவதில்.

முடிந்து வரும் இரட்டைக்குழல்களைச்
சுட்டுப் பார்ப்பவன் அவன்.
நாற்பது கெஜம் தள்ளித் தாள்.
இழுப்பான், பாதியை விடுவான்,
மீதியை விலாவுக்குள் எங்கோ நிறுத்திவைப்பான்.
அந்த நிறுத்தத்தில் எதுவும் ஆடாது.
விரல் மடங்கும்.
தாளில் சல்லடைக் கண்கள்.
நாளுக்கு அறுபது முறை செய்தும்
அதற்கொரு பெயர் உண்டென்று தெரியாது.

பெயரைக் கொண்டுவந்தவள் ஜைபுன்தான்,
மண்டபம் துடைக்கையில் தூணுக்குப் பின்னிருந்து கேட்டு.
"கும்பகமாம். பானை என்று பொருளாம்.
நிரப்பி மூடிவைப்பது."
ரொட்டியைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:
"மூச்சு வெளியே போகும்போது பன்னிரண்டு விரற்கடை.
திரும்பி வருவது எட்டுதானாம்.
ஒவ்வொரு தடவையும் நாலு தொலைகிறது.
அப்படித்தான் ஆள் தேய்கிறானாம்."

"யார் அளந்தது?"

"உங்கள் குழலை அளக்கிறார்களே,
அந்த மாதிரி யாரோ."

சிரித்தான். பிறகு விளக்கணைத்த இருட்டில்
மூக்கின் முன் கையை வைத்துப் பார்த்தான்.
மறுநாள் விசையில் விரல் வைத்தபோது
மனசு அந்த நாலு விரலைத் தேடிப் போயிற்று.
மூன்று தாளில் குறி சரிந்தது.
கண்ணாடி மாற்ற வேண்டுமா என்றார் மேஸ்திரி.

ஏழாம் மாதம் வரை ஜைபுன் துடைத்தாள்.
கேட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.
உள்ளே வாங்கும் பிராணன், கீழே தள்ளும் அபானன்,
நடுவில் அமர்ந்து பங்கு வைக்கும் சமானன்,
உடம்பெங்கும் ஓடும் வியானன்,
கடைசி நாளில் மேலேற்றிக் கொண்டுபோகும் உதானன்.
ஐந்து காற்று ஒரே கூட்டில் குடியிருப்பதில்
அவளுக்கு வியப்பில்லை.
அவர்கள் வீட்டில் ஒன்பது பேர்.

அபானன் ஏழு வாரம் முந்திக்கொண்டான்.

சதர் மருத்துவமனை. கண்ணாடிப் பெட்டி.
ஒரு கிலோ நானூறு கிராம்.
நகங்கள் நொய்யரிசி.
குழந்தை மூச்சு விடும், விடும், விடும்,
பிறகு மறந்துவிடும்.

திரையில் எண் இறங்கியது.
தொண்ணூறு. எண்பத்திரண்டு.
இஸ்ராஃபிலும் கூடவே நிறுத்தினான்,
பழக்கம்.
அவனுக்குத் தெரிந்த இடம்தான் அது,
எதுவும் ஆடாத இடம்.
அங்கே போன போதெல்லாம்
அவன் எதையோ சுட்டிருக்கிறான்.

சிஸ்டர் சுமந்தி டோப்போ ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள்.
பெட்டியின் துளைக்குள் கையை விட்டுப்
பாதத்தில் ஒரு சுண்டு,
கேரம் காயைச் சுண்டுவது போல.
குழந்தை திடுக்கிட்டு உயிர்த்தது.
உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல்,
என் மொழியில் அதுதான் பழைய பொருள்.
அங்கிருந்த யாருக்கும் அந்த மொழி தெரியாது.

"மூளைக்கு இன்னும் பழகவில்லை,
நாம்தான் நினைவூட்ட வேண்டும்" என்றாள்.
"இன்றிரவு என்னிடம் பதினொரு பெட்டி.
கை கழுவிக்கொண்டு வாருங்கள்."

ஒரு நாளைக்கு
இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு என்று
ஜைபுன் சொன்ன கணக்கு பெரியவர்களுக்கானது.
இது மும்மடங்கு வேகத்தில் செலவழித்தது,
இடையிடையே கடையை மூடியது.
அவன் ஸ்டூலில் உட்கார்ந்து
எண்ணைப் பார்க்காமல் விலாவைப் பார்த்தான்.
நின்றதும்
கட்டைவிரலில் தொடுத்துச்
சுட்டுவிரலை விடுவித்தான்.
முதல் முறை கை நடுங்கியது.
பத்தொன்பதாவது முறை விடிந்திருந்தது.

பிறகு வெகுநேரம் அது நிற்கவேயில்லை.
செய்வதற்கு ஒன்றுமில்லாமல்
அதே விரலை அந்த மூக்கின் முன் நீட்டினான்.
நகத்தின் பாதியைக்கூடத் தொடவில்லை காற்று.

தொலைப்பதற்கு இதனிடம்
நாலு விரல் இன்னும் சேரவில்லையென்று
மாடி வார்டுக்குச் சொல்லியனுப்பினான்.

தையல் வலியோடு படுத்திருந்தவள்
திருப்பிக் கேட்டனுப்பினாள்:
யார் அளந்தது?