அம்புக்குறி

பூஞ்சை ஷவருக்கு மேலே தொடங்கியது.
ப்ளீச் அடித்துத் துடைத்தேன்.
மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு
சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது.

"சனிக்கிழமை மாட்டித் தருகிறேன்" என்றான் கோகிலன்.
அவன் சொன்ன சனிக்கிழமைகளுக்கெல்லாம்
ஒரு கரண்டி எள் எடுத்து வைத்திருந்தால்
இந்நேரம் மூட்டை கட்டியிருக்கலாம்.

முன்னூற்று நாற்பத்தொன்பது ராண்ட்.
நானே வாங்கினேன்.
மாதக் கடைசி என்று கடைக்காரர் குறைக்கவில்லை,
இரண்டு திருகாணி கூடப் போட்டுக் கொடுத்தார்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவுக்கு அன்று
ஆறிலிருந்து எட்டரை வரை மின்வெட்டு.
ஒயரைத் தொட அதுதான் நல்ல நேரம்.
பஞ்சாங்கம் வேண்டாம்,
மின்சாரக்காரர்களே குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.
ஆனாலும் போர்டில் மெயினை இறக்கி வைத்தேன்.
அவர்கள் முகூர்த்தத்தை நம்பிச் செத்தாள் என்று
நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

பழைய ஃபேனைக் கழற்றினேன்.
அதன் இறக்கைகளில் பதினோரு வருடப் பஞ்சு,
டவல் நூல், பவுடர்,
நடுவே சுற்றிக்கொண்டு ஒரே ஒரு நீள முடி.
தர்ஷினி ஜோபர்க் போகுமுன் வெட்டிக்கொண்டாளே
அந்த நீளம்.
பேப்பரில் மடித்தேன், பிறகு
என்ன பைத்தியக்காரத்தனம் என்று குப்பையில் போட்டேன்.

பெட்டிக்குள் இருந்த தாளில் ஆறு மொழி.
தமிழ் இல்லை.
பரவாயில்லை, பிளாஸ்டிக்கில் ஒரு அம்புக்குறி இருந்தது,
அதற்கு எல்லா ஊரிலும் ஒரே இலக்கணம்.
போனை வாயில் கவ்விக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் சிவப்பைச் சிவப்போடும்
கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து
நான்கு திருகாணியும் இறுக்கி
ஏணியிலிருந்து இறங்கும்போது
மகாராணி மாதிரி இருந்தது.

எட்டரைக்குக் கரண்ட் வந்தது.
மெயினை ஏற்றி, சுவிட்சைத் தட்டினேன்.
சுற்றியது.
என் முகத்தில் காற்று அடித்தது.

உள்ளே.
அம்பு உள்ளே பார்க்கிறது.

காற்றோடு கூட
வசேந்த்ரியின் சமையலறையும் வந்து இறங்கியது.
எங்களுக்கும் அவர்களுக்கும் சுவர் ஒன்று,
பேச்சுவார்த்தை ஆறு வருடமாக இல்லை.
அவள் புருஷன் தன் பக்கியை
எங்கள் கேட்டை மறித்து நிறுத்திய தகராறு.

கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய்,
டின் மீன்.
தாளிப்பு கொஞ்சம் கருகிவிட்டது.
பிறகு சத்தமும் வந்தது.
ஒரு தட்டு வைக்கிற சத்தம்.
இன்னொன்றுக்காகக் காத்திருந்தேன்,
ஏனென்று தெரியாமல்.
நாற்காலி ஒன்று இழுபட்டது.
அவ்வளவுதான்.

இரண்டு வாரமாக எங்கள் கேட்டில்
பக்கி நிற்கவில்லை.
நான் ஜெயித்துவிட்டதாக அல்லவா நினைத்திருந்தேன்,
கோகிலனிடம்கூடச் சொன்னேன்,
"பார்த்தாயா, புத்தி வந்துவிட்டது."

ஃபேனை நிறுத்தவில்லை.
டாய்லெட் மூடியின் மேல் உட்கார்ந்து
அந்தக் கறி முடியும்வரை
மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

"பாத்ரூமில் ஏன் மீன் நாற்றம்?"
ஷிஃப்ட் முடிந்து வந்தவன் கேட்டான்.
திருப்பி மாட்டிவிட்டேன் என்றேன்.
சிரித்தான்.
"சனிக்கிழமை நான்..."
"வேண்டாம்."

மறுநாள் கழற்றி நேராக மாட்டினேன்.
இப்போது எங்கள் ஆவியெல்லாம் வெளியே போகிறது,
கோகிலனின் சுருதி சேராத பாட்டோடு,
நேராக அவள் ஜன்னலுக்கு.
பூஞ்சை இன்னும் வரவில்லை.

ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன்.
தீபாவளிக்கு வந்து பெட்டி பிரிக்காமல் இருந்த
சந்தன சோப்பு,
அதைத்தான் இப்போது போட்டுக் குளிக்கிறேன்,
எட்டு மணிக்கு,
அவள் அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில்.