ஒன்பது முடிச்சு

இது குரல் இல்லை, டாக்டர்.
குரல்கள் இப்போதெல்லாம்
பக்கத்து வீட்டு டிவி மாதிரி.
கேட்கும். என்ன சீரியல் என்று தெரியாது.

இது வேறு.
யாரும் எதுவும் சொல்வதில்லை.
கை முதலில் போய்விடுகிறது.
கிளம்பிவிட்ட பண்ருட்டி பஸ்ஸுக்குப் பின்னால்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி
நான் பின்னால் ஓடுகிறேன்.

போன வருஷம் ஆவணியில்
திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஒன்பது டார்ச் லைட் வாங்கினேன்.
மண்டையைப் பிளக்கும் பட்டப்பகல்.
எட்டாவதை எடுக்கும்போதே கடைக்காரர்
"போதும் தம்பி" என்றார்.
போதும் எங்கே இருக்கிறதென்று
அவருக்குத் தெரிந்திருக்கிறது.
அந்த மாதத்து உதவித்தொகை அதோடு சரி.
அக்கா திட்டவில்லை.
ஒவ்வொன்றாக அமுக்கி, எரிகிறதா என்று பார்த்தாள்.
புயலுக்கு ஆகும் என்றாள்.
அந்த வருஷம் புயலும்
கடலூரை எட்டிப் பார்த்துவிட்டு
ஆந்திராவுக்குப் போய்விட்டது.

செல்போனைக் கெடிலத்தில் போட்டது
கோபத்தில் இல்லை.
பாலத்தில் நடந்தேன்.
கையில் போன் இருந்தது.
கீழே தண்ணீர் இருந்தது.
அவ்வளவுதான்.
உங்களுக்கெல்லாம் நடுவில்
ஒரு ரயில்வே கேட் இருக்கிறது.
மணி அடிக்கும், கட்டை இறங்கும்,
சைக்கிளை ஒரு காலில் ஊன்றி நிற்பீர்கள்.
என் கேட்டில்
ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

நீங்கள் மாத்திரையை மாற்றி எழுதினீர்கள்.
அஞ்சலாட்சி ஒரு கைக்குட்டையை எடுத்தாள்.
இருநூறு ரூபாயை நடுவில் வைத்து
ஒன்பது முடிச்சு.
டார்ச்சுக்கு ஒன்று.
சிப்காட்டில் சாக்கு தைக்கும் விரல்,
இழுத்தால் இழுத்ததுதான்.
"என்ன வேணா வாங்கிக்கோ.
அவுத்துட்டு வாங்கு."

மாத்திரைக்கு என் விரல் நடுங்கும்.
முதல் முடிச்சுக்கே நாலு நிமிஷம்.
ஐஸ்காரர் காத்திருப்பார்,
பிறகு காத்திருக்கமாட்டார்.
மூன்றாவதில் ஆத்திரம் வரும்.
ஐந்தாவதில்
எதற்கு அவிழ்க்கிறேன் என்று
முடிச்சைத்தான் கேட்கவேண்டும்.
முக்கால்வாசி நாள் அப்படியே திரும்பிவிடுவேன்.
ஒரே ஒரு நாள், தேவனாம்பட்டினம் மணலில்,
ஒன்பதையும் பல்லால் அவிழ்த்து
ஒரு பட்டம் வாங்கினேன்.
அதை வாங்கியது நான். கை இல்லை.
காற்றே இல்லாத சாயங்காலம் அது.
பரவாயில்லை.

இதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்றாள்.
போன வியாழக்கிழமை
நைட் ஷிப்டு முடித்து வந்து
சாம்பாரை இறக்கிவைத்தாள்.
நான் உப்பு டப்பாவைக் கவிழ்த்தேன்.
முழு டப்பா.
கவிழ்த்த பிறகு நானும் அவளும்
அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அறைந்தாள்.

சத்தம் வந்த பிறகுதான்
தன் கையைப் பார்த்தாள்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
தண்ணீர் மூடிக்கொண்ட பிறகு
பாலத்தில் நின்று நான் பார்த்த பார்வை.
பஸ் போய்விட்டது.
அவளும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சீட்டு யாரும் போடமாட்டார்கள்.
பெரியாஸ்பத்திரிக்கு அவள் வருவதெல்லாம்
என் சீட்டைப் பிடித்துக்கொண்டு
என் டோக்கனுக்கு நிற்கத்தான்.

கைக்குட்டையை அவளிடம் நீட்டினேன்.
வேறு என்ன நீட்டுவது?
வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.
தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.
மூன்றாவதில் அழுதாள்.
ஆறாவதில் நகம் பிய்ந்தது.
"இவ்ளோ இறுக்கமாவாடா கட்டுறேன்?"
ஆமாம் என்று சொல்லத் தோன்றியது.
சொல்லவில்லை.
கவனித்தீர்களா டாக்டர்,
தோன்றியது,
சொல்லவில்லை.

ஏழோடு தூங்கிவிட்டாள்.
உட்கார்ந்தபடியே, கையில் துணியோடு.
நான் சாம்பாரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
மூன்று செம்பு ஊற்றியும் கரித்தது.

கன்னம் சரியாகிவிட்டது.
அதை எழுதாதீர்கள்.
வெளியே வராண்டாவில் நிற்கிறாள்,
விடிகாலையிலிருந்து வெறும் வயிறு.
அவளுக்கு ஒரு டீ வாங்கவேண்டும்.
இன்னும் ரெண்டு முடிச்சு இருக்கிறது.
இங்கேயே உட்கார்ந்து அவிழ்த்துக்கொள்ளட்டுமா?
அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்கள்,
நான் ஓரமாக.