நாற்பத்தைந்து நாள் கணக்கு

எழுதிக்கொள்ளுங்கள், துபாஷி.
கொழிஞ்சிக்காடு. நொய்யலுக்குத் தெற்கே ஒன்றரைக் காதம்.
கிணறு பதினேழு. அதில் உப்புத் தண்ணீர் நாலு.
பாளையக்காரர் மலையேறியது ஆடி பத்தொன்பது.
உங்கள் குதிரை வந்தது புரட்டாசி மூன்று.
நடுவில் கிடந்த நாட்களைத்தானே கேட்கிறீர்கள்?

முதல் நாள் யாரும் ஒன்றும் செய்யவில்லை.
அரண்மனைக் களஞ்சியம் திறந்தே கிடந்தது.
நாய் ஒன்று உள்ளே போய்ப் படுத்தது.
இரண்டாம் நாளும் அப்படியே.
மூன்றாம் நாள், பறி தைக்கிற மசையன்
ஊர்க்கிணற்றில் இறங்கித் தன் கையால் மொண்டு குடித்தான்.
அவன் தைத்த தோலில் ஏறிவந்த தண்ணீரைத்தான்
முப்பது வருஷமாய் ஊர் பாய்ச்சுகிறது
என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.
ஓலையில் அதற்கு வரி கிடையாது.
நாலு வீட்டார் அன்றிரவே வண்டி கட்டினார்கள்.
மறிக்க யார்? போனார்கள்.

ராக்கியாத்தாள் என் வாசலுக்கு வந்தாள்.
"கணக்கரே, அந்த ஓலைக் கட்டையெல்லாம் எடுங்க."
கொளுத்தத்தான் என்று நினைத்தேன்.
"அடுப்புக்கு ஆகாதுங்க, பொகையும்" என்றாள்.
கோழிக்கூட்டுக்குக் கூரையாயிற்று
மூன்று தலைமுறைக் கடன்.
நானே ஏணி பிடித்தேன். அதையும் எழுதுங்கள்.

அரண்மனை வாங்கும்போது வள்ளம் கும்பாரமாய் நிற்கும்,
கொடுக்கும்போது தலை தட்டும்.
தட்டுகிற கோலை மசையன் மகன்
கிட்டிப்புள் ஆட எடுத்துப் போய்விட்டான்.
பிறகு ராகியைக் கையால் அள்ளிக் கொடுத்தார்கள்.
சின்னக் கை, பெரிய கை என்று
தினமும் சண்டை.

சுகமாய் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.
முப்பத்தோராம் நாள் ஒரு மூட்டை காணோம்.
விடிய விடியக் கூச்சல்.
களஞ்சியத்துக்குக் காவல் போட்டார்கள், செங்கோடனை,
கையில் ஒரு தடி.
மறுநாள் அவனைக் கேட்டுத்தான் கதவு திறந்தது.
"களவு போனது ஒரு மூட்டை.
இவன் நின்னா ஊரே போயிருமுங்க."
ராக்கியாத்தாள்தான், வேறு யார்.
செங்கோடனே கடப்பாரை கொண்டுவந்தான்.
கதவைப் பெயர்த்து வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டார்கள்,
வெள்ளாடு தாண்ட வசதியாய்.
மூட்டை கடைசி வரை கிடைக்கவில்லை.

மலையிலிருந்தும் ஆள் வந்தது:
"வெள்ளையனை வெரட்டப் பத்துப் பேர் வேணும்."
சோறு போட்டார்கள்.
"அனுப்பச் சொல்ல இங்க ஆளில்லீங்க" என்றார்கள்.
கேலி என்று எண்ணி
போகிற போக்கில் வைக்கோற்போரில் தீ வைத்தான்.

நீங்களும் அதையே கேட்டீர்கள்: தலைவன் யார்?
ஊர் மறைக்கவில்லை, துபாஷி.
இல்லாததை எப்படி மறைப்பது?
அப்புறம் ஏழு பேரை எண்ணி எடுத்தீர்கள்.
மசையன் ஐந்தாவது.
ஏன் ஏழு என்று நான் கேட்கவில்லை.
எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்த்தேன்.
பழக்கம்.

அந்தக் கட்டம் காலியாய்ப் போனால்
மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்களா?
மை காயட்டும், யோசிக்கிறேன்.
களஞ்சியத்துக்குக் கதவு எங்கே என்று
உங்கள் சிப்பாய் காலையிலிருந்து மிரட்டுகிறான்.
அவனிடம் சொல்லுங்கள்:
வாய்க்கால் மேல் கிடக்கிறது.
குதிரையோடு அதன் மேல் ஏறித்தான்
நீங்கள் ஊருக்குள் வந்தீர்கள்.